சால்வென்ட் அறையில் ஃபிளேம்ப்ரூஃப் லைட் உடைந்துவிட்டது, ஐபி65 எல்இடி போட்டால் போதுமா?

பராமரிப்பு_ஒரகடம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கத்தில் பெயின்ட், தின்னர் கலந்து டின்னில் அடைக்கும் சின்ன யூனிட் ஒன்றில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். டொலுவீன், அசிட்டோன் டிரம்களுக்குத் தனி அறை உண்டு. பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி, மேலே தகரக் கூரை. அங்கே இருந்த ஒரே ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே பற்றினாலும் தீயை வெளியே விடாத வகை) லைட்டின் கண்ணாடி ஏணி இடித்து விரிசல் விட்டுவிட்டது. இப்போதைக்கு எம்சிபியை இறக்கி டேக் மாட்டி வைத்திருக்கிறேன்.

புது ஃபிட்டிங்குக்கு விலை கேட்டால் சாதாரண லைட்டைவிடப் பல மடங்கு சொல்கிறார்கள். "ஐபி65 எல்இடி மாட்டு, தண்ணீரே உள்ளே போகாது, ஆவி எப்படிப் போகும்?" என்று ஆபீஸில் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களுக்குப் புரிகிற மாதிரி எப்படி எடுத்துச் சொல்வது?

மற்ற நிலவரம்: டிரம்மிலிருந்து வாளியில் பிடிப்பது அந்த அறைக்குள்ளேயேதான் நடக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையை ஒட்டி இருக்கிறது, சாதாரண ஃபேன். அதன் ஸ்விட்ச் கதவுக்கு உள்பக்கம். இதில் எதை முதலில் மாற்றச் சொல்லிக் கேட்பது?

பேனல்போர்டு_அம்பத்தூர்:

ஆபீஸில் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன் நண்பரே. எல்இடியில் ஃபிலமென்ட் கிடையாது, சோக் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. பொறி வர இடம் எங்கே? இன்னும் பயமாக இருந்தால் டிரைவரை வெளியே வைத்து, அறைக்குள் 24 வோல்ட் டிசி மட்டும் கொண்டுபோங்கள். கேஸ்கட் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் ரிஃபைனரி மாதிரி செலவு செய்ய முடியாது.

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்:

தம்பி, எம்சிபியை இறக்கி வைத்தது சரியான காரியம். அந்த டேக்கை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்.

அம்பத்தூர் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ஐபி65 என்பது தூசிக்கும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கும் வைத்த சோதனை. ஆவிக்கு அந்தச் சோதனையே கிடையாது. லைட் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து கேஸ்கட் ஓரமாகக் கொஞ்சம் வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு நாளும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். வெளிக்காற்றில் டொலுவீன் ஆவி இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும்.

ஃபிளேம்ப்ரூஃப் ஃபிட்டிங்கை வடிவமைப்பவர்கள் ஆவி உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டேதான் தொடங்குகிறார்கள். வரும், ஒரு நாள் உள்ளேயே பற்றி வெடிக்கவும் செய்யும். பெட்டி அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே அகலமான உலோக விளிம்பும் மிகச் சன்னமான இடைவெளியும் விட்டிருப்பார்கள். எரிந்த வாயு அந்த இடுக்கு வழியாக வெளியேறும்போது வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். சாதாரணப் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் உள்ளே பற்றினால் மூடி பறக்கும், தீ நேராக அறைக்குள் வரும்.

எல்இடியில் பொறி வராது என்பதும் சரியில்லை. டிரைவரில் கெபாசிட்டர் வெடிக்கும், சால்டர் விட்டுப்போகும், சர்ஜ் வந்தால் போர்டு கருகும். நன்றாக ஓடும் நாளை வைத்து நாம் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பழுதாகும் நாளில் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

24 வோல்ட் பற்றி. வேல்ஸ் நாட்டில் செங்கனித் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று வெடி விபத்து நடந்தது. 439 தொழிலாளிகள் செத்தார்கள். என்ன பற்றவைத்தது என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் சமிக்ஞை மணிக்கான மின்கம்பியில் எழுந்த பொறியாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாக இருந்தது. அந்த மணிகள் பேட்டரியில், குறைந்த வோல்டேஜில் ஓடியவை. மணியின் காயில் தேங்கும் ஆற்றல் தொடர்பு அறும் நொடியில் பொறியாக வெளியே வரும், மீத்தேனுக்கு அது போதும். அதற்குப் பிறகு நடந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்ததுதான் இன்ட்ரின்சிக் சேஃப்டி. அதில் வோல்டேஜ், கரண்ட், கெபாசிட்டன்ஸ், இன்டக்டன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவார்கள். வெறுமனே 24 வோல்ட் சப்ளை கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இருக்காது. டொலுவீன் மாதிரி ஆவி பற்றுவதற்கு ஏறக்குறைய கால் மில்லிஜூல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று குத்துகிறதே, அதில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கிறது.

இனி உன் ஆபீஸில் காட்டுவதற்கு ஒரு கணக்கு. உன் அறை 1,800 கன அடி, அதாவது சுமார் 51 கன மீட்டர். டொலுவீன் ஆவி காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். 51 கன மீட்டரில் 1.1 சதவீதம் என்றால் அரை கன மீட்டருக்குச் சற்று மேல் ஆவி. அதைத் திரவமாக மாற்றினால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர்தான் வரும். டொலுவீன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம் என்பதால் அறை முழுக்கச் சீராகப் பரவாது, தரையோடு தேங்கும். ஆகவே கீழே ஒரு லிட்டர் சிந்தினாலும் முழங்கால் உயரம் வரை பற்றும் கலவை உருவாகலாம். அந்த இரண்டரை லிட்டரை ஒரு பாத்திரத்தில் தண்ணீராக ஊற்றி மேஜையில் வைத்துக் காட்டு.

பேனல்போர்டு_அம்பத்தூர்:

மூச்சு விடும் விஷயமும் இரண்டரை லிட்டர் கணக்கும் புரிகிறது ஐயா. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. லைட், ஃபேன், ஸ்விட்ச், ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் கிளாண்ட் (பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பாகம்) என்று எல்லாவற்றையும் ஃபிளேம்ப்ரூஃபில் வாங்கு என்றால் ஒரு சின்ன முதலாளி ஒன்றையுமே வாங்க மாட்டார். பழைய உடைந்த லைட்டையே எம்-சீல் வைத்து ஒட்டி எரியவிடுவார். அதற்கு வழி சொல்லுங்கள்.

சேஃப்டி_கடலூர்:

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த அறைக்குள் மின்சாரம் எதற்கு?

ஸ்விட்சை வெளியே கொண்டுவந்துவிட்டால் ஃபிளேம்ப்ரூஃப் ஸ்விட்ச் வாங்க வேண்டாம். சுவரில் நிலையான கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் காற்றுப் புகாமல் பதித்து, வெளிப்பக்கத்திலிருந்து அதன் வழியாக லைட் அடித்தால் அறைக்குள் ஃபிட்டிங்கே வேண்டாம். அப்போது வெளியே சாதாரண எல்இடி போடலாம். ஆனால் அந்த வெளிப்பக்கம் டிரம் அறையின் கதவு, ஃபேன் வெளியேற்றும் வாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பகலில் மட்டும் வேலை என்றால் கூரையில் ஒளி ஊடுருவும் ஷீட் இரண்டு போட்டாலே பாதி பிரச்சினை தீரும். ஃபிளேம்ப்ரூஃபை விலை கொடுத்து வாங்குவதற்கு முன்னால், அந்தக் கருவியை வெளியே தள்ள முடியுமா என்று பார்ப்பதுதான் முறை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே பற்றவைக்கும் மூலங்களை அகற்று அல்லது அடைத்து வை என்றுதான் சொன்னது.

ஃபேனை வெளியே தள்ள முடியாது, ஆவி அதன் வழியாகத்தான் போகும். அதனால் இருக்கும் பணத்தை ஃபேனுக்குச் செலவு செய்யுங்கள். இப்போது இருப்பது இரண்டு விதத்தில் தப்பு. ஒன்று, சாதாரண மோட்டார் ஆவியின் நடுவிலேயே சுற்றுகிறது. இரண்டு, உயரத்தில் இருக்கிறது. ஆவி தரையில் தேங்க, ஃபேன் மேலே இருக்கும் நல்ல காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். புதுக்காற்று எதிர்ச்சுவரிலிருந்து வர வேண்டும். இறக்கை உரசினாலும் பொறி வராத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வாளியில் பிடிப்பதாகச் சொன்னீர்கள். என்ன வாளி?

பராமரிப்பு_ஒரகடம்:

பிளாஸ்டிக் வாளிதான் சார்.

சேஃப்டி_கடலூர்:

லைட்டுக்கு முன்னால் அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். டொலுவீன் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். குழாய் வழியாகப் பாயும்போதே அதில் நிலைமின்சாரம் ஏறும். பிளாஸ்டிக் வாளியில் விழுந்தால் அது இறங்க வழியில்லை. இரும்பு அல்லது ஸ்டீல் பாத்திரம், டிரம்முக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இரண்டையும் மின்சாரப்படி இணைக்கும் பாண்டிங் ஒயர், டிரம்மிலிருந்து எர்த். கிளிப்பின் பல் பெயின்டைக் கீறி உலோகத்தைத் தொட வேண்டும், பெயின்ட் மேல் கடித்தால் பயனில்லை. உயரத்திலிருந்து கொட்டாமல் குழாயைப் பாத்திரத்தின் அடி வரை விட்டுப் பிடியுங்கள். அசிட்டோன் மின்சாரத்தை ஓரளவு கடத்தும், ஆனால் இரண்டுக்கும் ஒரே பழக்கம் இருப்பதுதான் நல்லது.

இது மின் கருவி இல்லைதான், இழையின் தலைப்புக்கு வெளியே போகிறது. ஆனால் லட்ச ரூபாய்க்கு ஃபிளேம்ப்ரூஃப் போட்டுவிட்டு அதன் கீழே பிளாஸ்டிக் வாளியில் டொலுவீன் பிடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

ருவைஸ்_எலக்ட்ரீஷியன்:

அபுதாபி பக்கத்தில் ஷட்டவுன் வேலையில் இருக்கிறேன், ஊர் திருச்சி. காம்பெக்ஸ் (வெடி ஆபத்துள்ள இடங்களில் மின் வேலை செய்வதற்கான பயிற்சி) முடித்து இதே வேலைதான் பார்க்கிறேன். ஒரகடம் தம்பிக்கு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் எப்படியும் வேண்டியிருக்கும். அதை வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பார்த்த அளவில், பெட்டி நல்லதாக இருக்கும், சான்றிதழ் இருக்கும், பொருத்தியவர் கெடுத்திருப்பார். அதிகமாகக் கெடுவது கேபிள் நுழையும் இடத்தில். சாதாரண பித்தளை கிளாண்ட் போட்டிருப்பார்கள். அது கேபிளைப் பிடித்து நிற்கும், ஆனால் உள்ளே வெடித்தால் தீ அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். கிளாண்டும் ஃபிளேம்ப்ரூஃப் சான்றிதழோடு இருக்க வேண்டும். ஆர்மர்டு கேபிளுக்கு டபுள் கம்ப்ரஷன் வகை. உள் ரப்பர் வளையம் கேபிளின் உள்ளுறையைச் சுற்றிலும் சமமாக இறுக்க வேண்டும். கேபிளுக்குள்ளேயே நிரப்பு இல்லாமல் இடைவெளி இருந்தால் வாயு அதன் வழியாகவும் போகும், அங்கே காம்பவுண்ட் ஊற்றி அடைக்கும் பேரியர் கிளாண்ட் வேண்டும்.

நம் ஊரில் பழைய பெட்டிகளில் முக்கால் இஞ்ச் ஈ.டி. த்ரெட் (பழைய இஞ்ச் அளவு மரை) இருக்கும். கடையில் எம்20 கிளாண்ட் கொடுப்பார்கள். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், டெஃப்ளான் டேப் சுற்றி எப்படியோ இறுக்கி விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஃபிளேம்ப்ரூஃபில் அந்தத் த்ரெட்டே தீயைக் குளிரவைக்கும் பாதை. குறைந்தது ஐந்து சுற்றாவது முழுசாகப் பற்றியிருக்க வேண்டும், அதுவும் ஒரே வகைத் த்ரெட்டில். வேறு த்ரெட் என்றால் சான்றிதழ் பெற்ற அடாப்டர் வாங்கிப் போடுங்கள். பயன்படுத்தாத நுழைவாயில் இருந்தால் அதற்கும் சான்றிதழ் பெற்ற ஸ்டாப்பிங் பிளக். உள்ளே ஒயர் வர வசதியில்லை என்று டிரில் வைத்துப் புது ஓட்டை போட்டால் அந்தப் பெட்டி அன்றிலிருந்து வெறும் இரும்புப் பெட்டி.

அடுத்தது மூடி. நாலு போல்ட்டில் ஒன்று காணாமல் போனால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. மூன்று போல்ட்டில் மூடி நிற்கும், ஆனால் அழுத்தம் வரும்போது நாலாவது மூலை திறக்கும், அங்கே இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் போய்விடும். எத்தனை சன்னமான இடுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், சோதனையில் தீ தாண்டாத அதிகபட்ச இடைவெளி புரொப்பேனுக்கு 0.92 மில்லிமீட்டர், எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29. பெட்டி செய்பவர்கள் இதைவிடவும் இறுக்கமாகத்தான் செய்வார்கள். போல்ட் மாற்றும்போது அதே கிரேடு, அதே நீளம்.

விளிம்பில் பெயின்ட் அடிக்காதீர்கள். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். ஒரிஜினலில் இல்லாத ரப்பர் கேஸ்கட் வைக்காதீர்கள், சிலிக்கோன் பூசாதீர்கள். மழைத் தண்ணீர் போகிறது என்று சிலிக்கோன் பூசுவது நம் ஊரிலும் இங்கேயும் ஒரே மாதிரி நடக்கிறது. துரு பிடிக்காமல் இருக்க இறுகாத வகைக் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். விளிம்புக்கு எதிரே சுவரோ குழாயோ நெருக்கமாக இருக்கக் கூடாது, வெளியே வரும் வாயு போக இடம் வேண்டும். வாயுக்களைத் தீ தாண்டும் இடுக்கை வைத்துக் குரூப் பிரித்திருக்கிறார்கள்: புரொப்பேன் வகை 2ஏ, எத்திலீன் வகை 2பி, ஹைட்ரஜன் வகை 2சி. 2ஏ குரூப்புக்கு 10 மில்லிமீட்டர், 2பிக்கு 30, 2சிக்கு 40.

மூடியில் "மின்சாரம் இருக்கும்போது திறக்காதே" என்று எழுதியிருப்பதற்கும் காரணம் இதுதான். திறந்த நொடியில் ஃபிளேம்ப்ரூஃப் என்று ஒன்று கிடையாது.

மில்_கோவை:

நடுவில் ஒரு கேள்வி. நாங்கள் ஸ்பின்னிங் மில். புளோரூமில் (பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்யும் பகுதி) பஞ்சுத் தூசி டியூப் லைட் மேலும் பேனல் மேலும் படிந்துகொண்டே இருக்கிறது. இதற்கும் ஃபிளேம்ப்ரூஃப்தான் போட வேண்டுமா?

சேஃப்டி_கடலூர்:

தூசிக்கு வேறு கணக்கு அண்ணே. ஆபத்து எவ்வளவு அடிக்கடி இருக்கும் என்பதை வைத்து இடத்தை ஜோன்களாகப் பிரிப்பார்கள். வாயுவுக்கு ஜோன் 0, 1, 2 என்றால் தூசிக்கு 20, 21, 22. குரூப்பும் வேறு: பஞ்சு மாதிரி பறக்கும் இழை 3ஏ, மாவு, சர்க்கரை மாதிரி மின்சாரம் கடத்தாத தூசி 3பி, அலுமினியத் தூள் மாதிரி கடத்துவது 3சி. தூசியை உள்ளே விடாமல் தடுக்க முடியும், ஆகவே இங்கே இறுக்கமான உறையும் வெளிப்பரப்புச் சூடும்தான் முக்கியம். வாயுவுக்குச் சான்று வாங்கிய ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியைத் தூசிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, தூசிக்கும் தனிக் குறியீடு அதில் இருக்க வேண்டும்.

சூட்டுக்கு ஒரு விதி உண்டு. தூசி மேகமாகப் பறக்கும்போது எந்தச் சூட்டில் பற்றுமோ அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவியின் வெளிப்பரப்பு தாண்டக் கூடாது. 5 மில்லிமீட்டர் படிந்த அடுக்கு எந்தச் சூட்டில் கனலுமோ அதிலிருந்து 75 டிகிரி கழித்து வருவதையும் தாண்டக் கூடாது. இரண்டில் குறைவானது எதுவோ அதுதான் எல்லை. அடுக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டிப் படிந்தால் இந்தக் கணக்கும் செல்லாது, அடியில் சூடு இன்னும் ஏறும். அதனால் உங்களுக்குக் கருவியைவிடத் துடைப்பம்தான் பெரிய செலவு. கம்ப்ரஸர் காற்று வைத்து ஊதாதீர்கள், படிந்த தூசி மேகமாகிவிடும். வேக்குவம் வைத்து எடுங்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் 2008 பிப்ரவரியில் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் செத்தார்கள். மூடிய கன்வேயருக்குள் சூடேறிய பேரிங் ஒன்று தொடக்கமாக இருக்கலாம் என்றார்கள். அந்த முதல் வெடி சின்னது. கட்டடம் முழுக்க உத்தரத்திலும் தரையிலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசியை அது கிளப்பிவிட்டது, அடுத்தடுத்து வெடித்ததுதான் ஆளைக் கொன்றது.

சாத்தூர்க்காரர்:

எங்கள் பக்கம் பட்டாசு மருந்து கலக்கும் அறைகளில் லைட்டே கிடையாது, வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. இங்கே சொல்லும் ஜோன் கணக்கு வெடிமருந்துக்குப் பொருந்தாது, அதற்குத் தனிச் சட்டம். யாராவது ஃபிளேம்ப்ரூஃப் லைட் வாங்கி மருந்து அறையில் மாட்டலாம் என்று இந்த இழையைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பராமரிப்பு_ஒரகடம்:

எல்லோருக்கும் நன்றி. வாளியை மாற்றியாயிற்று, ஸ்டீல் பாத்திரமும் பாண்டிங் கிளிப்பும் வந்துவிட்டன. இரண்டரை லிட்டர் தண்ணீரை மேஜையில் வைத்தேன், பேச்சு அதற்குப் பிறகு வேறு மாதிரி போனது. வெளியிலிருந்து லைட் அடிக்கும் யோசனைக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. ஃபேனுக்கு மட்டும் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்.

பழைய லைட்டின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படித்தேன். குரூப் 2ஏ, 2பி, டி4, ஆம்பியன்ட் (சுற்றுப்புறச் சூடு) 40 டிகிரி என்று இருக்கிறது. ஃபேன் மோட்டாருக்கும் இதே போல் கேட்டால் சரியா? இன்னொன்று, எங்களிடம் சும்மா கிடக்கும் ஒரு ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரை ரீவைண்டிங் செய்து போடலாம் என்கிறார்கள்.

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்:

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரூப் என்பது எவ்வளவு சன்னமான இடுக்கைத் தீ தாண்டும் என்பதைப் பொறுத்தது. டொலுவீனும் அசிட்டோனும் 2ஏ. 2பி வாங்கினால் 2ஏவும் அடங்கிவிடும், நாளைக்கு எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) மாதிரி வேறு சால்வென்ட் வந்தாலும் கவலையில்லை. 2சி உனக்கு வேண்டாம், அது ஹைட்ரஜன், அசிட்டிலீனுக்கு.

டி என்பது வெளிப்பரப்பின் சூடு. டி1 என்றால் 450 டிகிரி வரை, டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. டொலுவீன் தானாகப் பற்றும் சூடு 480க்கு மேல், ஆக டி4 தாராளம். குரூப்பும் டி எண்ணும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஹைட்ரஜன் குரூப்பில் மிக ஆபத்தானது, ஆனால் டி1 போதும். ஈதருக்கு 2பி போதும், ஆனால் டி4 வேண்டும். கார்பன் டைசல்ஃபைடு மட்டும் இரண்டிலும் கடுமை, சூடான நீராவிக் குழாயே அதைப் பற்றவைக்கும்.

நீ கவனிக்க வேண்டியது அந்த 40 டிகிரி. சான்றிதழில் வேறு எதுவும் சொல்லவில்லை என்றால் கழித்தல் 20 முதல் 40 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். மே மாதம் ஒரகடத்தில் தகரக் கூரைக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார், 40ஐத் தாண்டும். டி4க்கும் டொலுவீனுக்கும் நடுவே நிறைய இடம் இருப்பதால் சூட்டால் உடனே பற்றாது, ஆனால் ரப்பர், சிமென்ட், இன்சுலேஷன் எல்லாம் சீக்கிரம் கெடும். 50 டிகிரிக்குச் சான்று பெற்றதாகக் கேள். ஃபேன் தரையோரம் வருவதால் உனக்குக் கொஞ்சம் சாதகம்.

அப்புறம், தரையோர ஃபேன் என்பதை ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகாதே. அங்கே வருவது ஹைட்ரஜன், நேராகக் கூரைக்குப் போகும். அங்கே மேலேதான் வழி வேண்டும்.

ருவைஸ்_எலக்ட்ரீஷியன்:

ரீவைண்டிங் பற்றி நான் சொல்கிறேன். சுருளை மாற்றுவது பெரிய விஷயமில்லை, அதைச் சுற்றி நடப்பதுதான் விஷயம். சாதாரண ரீவைண்டிங் கடையில் ஸ்டேட்டரைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள், எண்ட் ஷீல்டை அடித்துக் கழற்றுவார்கள், ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் வெல்டிங் போட்டுக் கடைந்துவிடுவார்கள். ஷாஃப்ட்டுக்கும் கவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் தீப்பாதைதான். அது பெரிதாகிவிட்டால் மோட்டார் நன்றாகச் சுற்றும், ஆனால் பாதுகாப்பு இருக்காது. பழுதுபார்ப்பதற்கென்றே ஐ.இ.சி. 60079 என்ற சர்வதேசத் தர வரிசையில் 19ஆம் பாகம் இருக்கிறது. அதைத் தெரிந்து, அளவுகளை எழுத்தில் கொடுக்கும் கடை கிடைத்தால் செய்யலாம். இல்லையென்றால் அந்த மோட்டாரை வெளியே தண்ணீர் பம்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேம் பிளேட்டைக் கழற்றிவிட்டு.

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடப் போகிறீர்களா? போட்டால் மோட்டார் அதோடு சேர்த்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகும், உடம்பு சூடேறும். உங்களுக்கு நேரடி ஸ்டார்ட்டரே போதும், அதையும் ஓவர்லோடு ரிலேயோடு வெளியே வையுங்கள்.

பேனல்போர்டு_அம்பத்தூர்:

ஸ்டார்ட்டர் பாக்ஸ் வெளியே என்றால் நான் செய்து தரும் சாதாரண பாக்ஸே போதுமல்லவா? அறையின் கதவிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்:

ஆபத்தில்லாத பகுதி என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் வைத்தால் சாதாரண பாக்ஸ் போதும். தூரத்தை ஒரே எண்ணாக நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு கையாள்கிறார்கள், காற்றோட்டம் எப்படி, தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் எல்லை வரைய வேண்டும். ஐ.எஸ். 5572 அதற்கான இந்தியத் தரம். அறைக்குள் திறந்து பிடிக்கிறார்கள் என்பதால் உள்ளே ஜோன் 1 என்றே எடுத்துக்கொள்ளலாம், கதவுக்கு வெளியே கொஞ்ச தூரம் ஜோன் 2 வரும். தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒரு தாளில் வரைந்து வாங்கி, அதைச் சுவரில் மாட்டச் சொல்.

வரைந்த கோட்டுக்கு வெளியே எப்போதும் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெய்ப்பூர் சீதாபுராவில் 2009 அக்டோபர் 29 அன்று எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டியது. ஆவி வளாகம் முழுக்கப் பரவி வெடித்து 11 பேர் இறந்தார்கள், தீ நாள்கணக்கில் எரிந்தது. எது பற்றவைத்திருக்கும் என்று விசாரணைக் குழு சொன்ன இரண்டு சாத்தியங்களில் ஒன்று, நிர்வாகக் கட்டடத்தில் இருந்த சாதாரண மின் கருவிகள். இன்னொன்று, யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தது. நிர்வாகக் கட்டடத்தில் ஃபிளேம்ப்ரூஃப் போடச் சொல்லி எந்த விதியும் சொல்லாது. அவ்வளவு கொட்டாமல் பார்த்துக்கொள்வதும், கொட்டினால் உடனே தெரிவதும்தான் அங்கே பாதுகாப்பு. உன் அறையிலும் டிரம் குழாய் சொட்டுவதைச் சரிசெய்யாமல் எந்த மோட்டார் வாங்கினாலும் பாதி வேலைதான்.

பராமரிப்பு_ஒரகடம்:

குழாய்கள் மூன்றுக்கும் தானாக மூடிக்கொள்ளும் வகை கேட்டிருக்கிறேன் சார். வரைபடத்துக்கும் ஒருவரைப் பேசியாயிற்று. பழைய லைட்டை மட்டும் கழற்றி கேபிளை டேப் சுற்றி விட்டுவிடலாமா, இல்லை முழுதாக இழுத்துவிட வேண்டுமா? கடைசியாக, மோட்டார் வந்து இறங்கும்போது சான்றிதழில் எதைப் பார்ப்பது?

ருவைஸ்_எலக்ட்ரீஷியன்:

முழுதாக இழுத்துவிடுங்கள். டேப் சுற்றிய கேபிளுக்கு ஒரு நாள் யாராவது சப்ளை கொடுப்பார்கள். எம்சிபி பக்கத்திலும் கழற்றிவிடுங்கள், சுவர் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடையுங்கள்.

மணலி_இன்ஸ்ட்ருமென்ட்:

சான்றிதழுக்கு வருகிறேன். தன்பாத் சுரங்க ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையும், நாக்பூர் பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) ஒப்புதலும் கேள். அதில் இருக்கும் மாடல் எண்ணும் மோட்டார் பிளேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று நீயே கண்ணால் பார். ஒரே கம்பெனியின் வேறு மாடலுக்கு வாங்கிய தாளைக் கொடுத்து அனுப்புவது சகஜம். ஒப்புதலின் காலம் முடிந்துவிட்டதா என்றும் பார்.

வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் எண்ணின் கடைசி எழுத்தைக் கவனி. அங்கே எக்ஸ் என்ற எழுத்து தனியாக நின்றால் பொருத்துவதற்குச் சிறப்பு நிபந்தனை இருக்கிறது, அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். யூ என்று இருந்தால் அது உதிரிப் பாகம், தனிக் கருவியாக மாட்டக் கூடாது.

பிறகு டெர்மினல் பாக்ஸைத் திறந்து விளிம்பைப் பார். கீறல், பெயின்ட், அடிபட்ட தடம் இருந்தால் திருப்பி அனுப்பு. நுழைவாயில் த்ரெட் எது என்று பிளேட்டிலோ கேட்டலாக்கிலோ பார்த்து எழுதிக்கொள். கேபிளின் வெளி விட்டம், ஆர்மருக்கு அடியில் இருக்கும் உள்ளுறையின் விட்டம் இரண்டையும் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு அதன் பிறகு கிளாண்ட் ஆர்டர் போடு. மாட்டிய தேதி, போல்ட் கிரேடு, கிளாண்ட் எண் மூன்றையும் ரெஜிஸ்டரில் முதல் வரியாக எழுது. அடுத்த விரிவான சோதனை அதிகபட்சம் மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், உன் அறைக்கு வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள். பணம் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள், நாள் குறித்து வைத்தால்தான் நடக்கும்.

பராமரிப்பு_ஒரகடம்:

எழுதி வைத்துக்கொண்டேன் சார். கேபிள் நாளைக்கு அளக்கிறேன், விட்டம் இங்கே போடுகிறேன்.